குழு உரைகளுக்குச் சக மாணவர் சொல்லும் கருத்து: ஒரு வகுப்பறை நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் இது நடந்தது. இளங்கலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு; வகுப்பில் 42 பேர். பாடம், தகவல்தொடர்புத் திறன். அதை நடத்தியவர் ஆங்கிலத் துறை ஆசிரியை. நான் தமிழ்த் துறையைச் சேர்ந்தவன். இதே மாணவர்களுக்கு முதலாண்டில் தமிழ் எடுத்திருந்ததால், குழு உரைகள் நடக்கும் வகுப்புகளில் உடனிருந்து பார்க்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

மாணவர்களில் பெரும்பாலானோர் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பட்டிமன்றத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள். யார் நன்றாகப் பேசுகிறார், யார் இழுக்கிறார் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக்கூடியவர்கள். ஆனால் வகுப்பில் எழுந்து நின்று, ஆங்கிலத்தில், இன்னொரு மாணவரின் பேச்சைப் பற்றிப் பேசு என்றால் அந்த வாய் அடைத்துக்கொள்கிறது. 2022 மார்ச்சில் மாநில அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியதற்குப் பிறகு இத்தகைய திறன் வகுப்புகளைக் கல்லூரிகள் முன்பைவிடக் கவனத்தோடு நடத்துகின்றன. ஆகவே இந்த வகுப்பும் ஒப்புக்கு நடந்த ஒன்றன்று.

ஏற்பாடு எளிமையானது. குழுவுக்கு ஆறு பேராக ஏழு குழுக்கள். எல்லாக் குழுக்களுக்கும் பொதுப் பொருள் மேடைப்பேச்சுத் திறன்; அதற்குள் மேடை அச்சம், உடல்மொழி, குரல், உரையின் கட்டமைப்பு, கேட்பவரை அறிதல், ஸ்லைடுகளைக் கையாளுதல், கேள்விகளை எதிர்கொள்ளுதல் என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொரு குழுவுக்கும் 12 நிமிடம். அதற்குப் பின் கருத்துச் சொல்ல 5 நிமிடம். உரை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் விதி. கேட்பவர்கள் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும்: குரல், கண் தொடர்பு, உடல்மொழி, மொழி, ஸ்லைடு என்று ஐந்து வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், அடியில் கருத்துக்கு ஒரு கோடு. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 5 இந்த உரைக்கு. அந்த ஐந்தில் பாதியைச் சக மாணவர்களின் படிவம் தீர்மானிக்கும்.

முதல் மூன்று குழுக்கள்

முதலில் மேடை அச்சம். பிறகு உடல்மொழி, குரல். இந்த மூன்று குழுக்களுக்கும் வந்த படிவங்களை ஆசிரியையும் நானும் சேர்ந்து படித்தோம். மதிப்பெண்களைப் பார்த்தால் நான்கும் ஐந்தும்தான். மூன்று என்பது அபூர்வம். அதுவும் வேறு கூட்டாளிகள் வட்டத்தைச் சேர்ந்தவர் போட்டதாக இருக்கும். படிவத்தில் பெயர் இல்லை என்றாலும் கையெழுத்தை வைத்து யார் போட்டது என்று குழுவினர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதும், அடுத்த வாரம் தங்கள் குழுவுக்கு அதே கை மதிப்பெண் போடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மொய் எழுதுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

கருத்துக் கோட்டில் ‘குட்’, ‘வெரி குட்’, ‘சூப்பர்’. சற்று உழைத்தவர்கள் ‘குரலை உயர்த்தவும்’, ‘இன்னும் முயற்சி செய்யவும்’ என்று எழுதியிருந்தார்கள். ஆறு பேர் சேர்ந்து பேசிய உரை, ஒரே உரையாக அமைந்ததா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கருத்துகள் எல்லாமே தனியாளைப் பற்றியவை. அதிலும் குழுவில் யார் மிகவும் தடுமாறினாரோ அவரைப் பற்றியவை.

உரைகளின் உள்ளடக்கத்தை யாரும் தொடவே இல்லை. மேடை அச்சக் குழு, மக்கள் சாவைவிட மேடைக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள் என்ற வாசகத்தை ஒரு மண்டையோட்டுப் படத்தோடு காட்டியது. அந்த வாசகம் 1973இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பிலிருந்து பிறந்தது. அதில், தங்களுக்கு அச்சம் தருபவை என்று மக்கள் தேர்ந்தெடுத்தவற்றுள் மேடைப்பேச்சை 41 விழுக்காட்டினரும் இறப்பை 19 விழுக்காட்டினரும் குறிப்பிட்டிருந்தார்கள். எதைக் கண்டு எத்தனை பேர் அஞ்சுகிறார்கள் என்பதற்குத்தான் அது கணக்கு. ஒருவர் எதற்கு அதிகம் அஞ்சுகிறார் என்பதற்கு அல்ல. ‘பகையகத்துச் சாவார் எளியர் அரியர் அவையகத்து அஞ்சா தவர்’ என்ற குறள் ஏறக்குறைய இதே ஒப்பீட்டைச் செய்கிறது. விழுக்காடு போடவில்லை என்பதால் அதை மறுக்க வேண்டிய தேவையும் வரவில்லை. உடல்மொழிக் குழுவோ, நாம் பேசுவதில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55 என்று ஒரு வட்ட வரைபடம் காட்டியது. அறையில் இருந்த அத்தனை பேரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். கையைத் தூக்கிக் கேட்டவர் இல்லை.

குரல் குழுவின் வகுப்பில் நடந்தது

மூன்றாவது குழுவில் நான்காவதாகப் பேசியவர் ஒரு மாணவி. மிகத் தாழ்ந்த குரல். வகுப்பறையில் ஆறு மின்விசிறிகள் சுழல்கின்றன, மைக் கிடையாது. நான் முன்வரிசையில் இருந்ததால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. வாரச்சந்தையில் காய்கறி விற்பவர்கள் காலையிலிருந்து மாலைவரை கூவினாலும் தொண்டை கட்டாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். தொண்டையை இறுக்கிக் கத்துவதில்லை, வயிற்றிலிருந்து மூச்சை எடுக்கிறார்கள். விலையைச் சொல்லும் சொல்லில் மட்டும் குரலை ஏற்றி மற்றதை இறக்கிவிடுகிறார்கள். இரண்டு கூவலுக்கு இடையில் ஓய்வு விடுகிறார்கள். வீட்டில் பார்த்ததையே சொல்கிறார் என்பது தெரிந்தது. அந்த மூன்று உரைகளில் இணையத்திலிருந்து எடுக்காத ஒரே பகுதி அதுதான்.

கருத்து நேரம் வந்தது. வழக்கம்போல மௌனம். ஆசிரியை நடுப்பகுதியில் இருந்த ஒரு மாணவரைச் சொல்லச் சொன்னார். அவர் எழுந்து, “குரல் வளம் பற்றிப் பேச வந்தவருக்கே குரல் இல்லை மேடம்” என்றார். வகுப்பு சிரித்தது. அவர் தீய எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. பட்டிமன்ற மேடையில் அந்த வரிக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். வரி உண்மையும்கூட. ஆனால் அந்த மாணவி அதை வைத்து என்ன செய்ய முடியும்? தன் குரல் சிறியது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

படிவங்களைப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் இதே செய்தி வெவ்வேறு சொற்களில் இருந்தது. சந்தையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பின்வரிசைக்கு அது போய்ச் சேரவே இல்லை.

அடுத்த வகுப்புக்கு அந்த மாணவி வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை. அவர் குழுவைச் சேர்ந்த இருவர் ஆசிரியையின் அறைக்கு வந்து, இனிமேல் குழுவாகச் செய்ய வேண்டிய பணிகளில் தங்களை வேறு குழுவில் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். அவரால் மதிப்பெண் குறையும் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நிறுத்தி யோசித்தது

எஞ்சிய நான்கு குழுக்களின் உரைகளை ஆசிரியை ஒரு வாரம் தள்ளிவைத்தார். அந்த வாரம் நாங்கள் இருவரும் விவாதித்ததை ஓரளவு விரிவாகவே சொல்ல வேண்டும். முடிவுகளைவிட அவற்றுக்கான காரணங்கள்தான் இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும்.

உடனடியாகத் தோன்றிய வழி, மாணவர்களுக்குக் கனிவைக் கற்றுக்கொடுப்பது: முதலில் ஒரு பாராட்டு, நடுவில் ஒரு குறை, முடிவில் இன்னொரு பாராட்டு. இந்த முறையைப் பல பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பாராட்டு தொடங்கியதுமே கேட்பவர் ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார். அதற்கு முன்னும் பின்னும் வருவது காதில் விழுவதில்லை. ஆசிரியை வேறொரு கோணத்தில் இதே முடிவுக்கு வந்தார். கல்வியாளர்கள் ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007இல் வெளியிட்ட, பின்னூட்டம் குறித்த ஆய்வுத் தொகுப்புக் கட்டுரையை அவர் எடுத்துக்காட்டினார். செய்த வேலையைப் பற்றியும் அதைச் செய்த வழியைப் பற்றியும் சொல்லும் கருத்து கற்றலுக்கு உதவுகிறது. ஆளைப் பற்றிச் சொல்வது, புகழ்ச்சியாகவே இருந்தாலும், அதிகம் உதவுவதில்லை என்பது அதன் சாரம். எங்கள் படிவத்தின் ஐந்து வரிசைகளில் நான்கு ஆளைப் பற்றியவை. மாணவர்கள் படிவம் கேட்டதைத்தான் தந்திருக்கிறார்கள்.

ஆசிரியை சென்னையில் வேலைபார்த்த காலத்தில் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்துக்குப் போய்வந்தவர். 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அந்த அமைப்பில், கேட்பவர்களுக்கும் பணி உண்டு. ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் ‘ஆ’, ‘ம்’ என்ற இழுவைகளை எண்ணுவார். ஒருவர் மொழியைக் கவனிப்பார். ஒவ்வொரு உரைக்கும் தனி மதிப்பீட்டாளர் இருப்பார். எல்லாரும் எல்லாவற்றையும் மதிப்பிடுவதில்லை. வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்த யோசனையை எடுத்துக்கொண்டோம். பங்குகளை எங்கள் வகுப்புக்கு ஏற்ப அமைத்தோம்.

எடுத்த முடிவுகள்

முதலாவது, மதிப்பெண்ணையும் கருத்தையும் பிரித்தோம். உரைக்கான ஐந்து மதிப்பெண்ணையும் ஆசிரியையே போடுவார். மாணவர்களின் படிவத்தில் எண் இருக்காது. இதற்குத் துறைத்தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டது; கிடைத்தது.

இரண்டாவது, கருத்தைத் தமிழில் எழுதலாம், பேசலாம். உரை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றுதான் பாடத்திட்டம் சொல்கிறது. கருத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘சூப்பர்’ என்று நிறுத்திக்கொள்பவருக்குத் தமிழில் சொல்ல நான்கு வரி இருக்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் பழகும் வாய்ப்பைக் குறைக்கிறோமே என்று ஆசிரியைக்குத் தயக்கம் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கடினமான வேலைகளை ஒருவர் தலையில் ஏற்றக்கூடாது என்பதால் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதுதான் முக்கியம். கேட்பவர்களைப் பணிவாரியாகப் பிரித்தோம். ஒரு பகுதியினர், உரை முடிந்ததும் அதிலிருந்து தங்களுக்குக் கிடைத்த மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். நன்றாக இருந்ததா இல்லையா என்பது அவர்கள் வேலையன்று. ‘எனக்குக் கிடைத்தது இது’ என்று மட்டும் சொல்ல வேண்டும். இன்னொரு பகுதியினர், ஆறு பேரின் பேச்சும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கவனிக்க வேண்டும். கடைசி வரிசையில் இருவர், பேச்சு கேட்காதபோது கையை உயர்த்த வேண்டும். பேசுபவர் அதைப் பார்த்து உடனே சரிசெய்துகொள்ளலாம். குரலைப் பற்றி உரை முடிந்தபின் சொல்வதால் யாருக்கும் பயனில்லை என்பதைக் குரல் குழு காட்டிவிட்டது.

இரண்டாம் பகுதியினருக்கு எதை வைத்துக் கவனிப்பது என்று ஒரு சட்டகம் தேவைப்பட்டது. இங்கேதான் நன்னூல் வந்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் அந்த இலக்கண நூல், பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. முதலாண்டில் இந்தப் பட்டியலை இவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவர்கள். ஒரு குழு உரையில் நேரக்கூடிய ஏறக்குறைய எல்லாக் கோளாறுகளும் அதில் இருக்கின்றன. முந்தையவர் சொன்னதையே அடுத்தவரும் சொல்வது கூறியது கூறல். ஒருவர் ‘மனப்பாடம் செய்யாதே’ என்று சொல்ல, அடுத்தவர் ‘தொடக்கத்தை மனப்பாடம் செய்’ என்றால் மாறுகொளக் கூறல். நேரம் போதாமல் கடைசி இருவர் வேகவேகமாக முடித்து, உரை சுருங்கிக் காணாமற்போவது சென்று தேய்ந்து இறுதல். இவை பேச்சின் குற்றங்கள், பேசியவரின் குற்றங்கள் அல்ல என்பதும் எங்களுக்கு வசதியாக அமைந்தது.

நான்காவது முடிவில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பார்வை, நிற்கும் முறை, உச்சரிப்பு போன்றவற்றை முற்றிலும் விட்டுவிட்டால் மேடைப்பேச்சு வகுப்பு எதற்கு என்று ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில், பேசப்போகும் ஒவ்வொருவரும் தன்னிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்றே ஒன்றை முன்கூட்டி எழுதித் தரலாம். அதைப் பற்றி மட்டும், தாளில் மட்டும், அவர் கையில் மட்டும் கருத்துப் போகும் என்று வைத்துக்கொண்டோம். யாரும் எதையும் கேட்காமல் இருக்கவும் உரிமை உண்டு.

அந்த மாணவி

அவர் வகுப்புக்குத் திரும்பியதில் இந்த முடிவுகளுக்குப் பெரிய பங்கில்லை. அவருடைய தோழிகள் இருவர் வீட்டுக்குப் போய் அழைத்துவந்தார்கள். சிரிப்பை எழுப்பிய மாணவரை ஆசிரியை தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வகுப்பில் எழுந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அது மாணவியை மறுபடியும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நிறுத்தியிருக்கும். அதற்குப் பதிலாக, கடைசி வரிசையில் கையை உயர்த்தும் இருவரில் ஒருவராக அந்த மாணவரை அமர்த்தினார். தண்டனையாக அல்ல. அவருக்குக் காது கூர்மை என்று அரைகுறைச் சிரிப்போடு சொல்லித்தான் அனுப்பினார்.

குழு மாற்றம் கேட்ட இருவருக்கும் மாற்றம் கொடுக்கவில்லை. மதிப்பெண் முறை மாறியதும் அவர்கள் மறுபடி கேட்கவும் இல்லை.

எஞ்சிய நான்கு குழுக்கள்

நான்காவது குழுவின் தலைப்பு உரையின் கட்டமைப்பு. உரை முடிந்ததும் ஒருவாக்கியத் தாள்களை ஆசிரியை வாங்கி, யார் எழுதியது என்று சொல்லாமல் ஒவ்வொன்றாகப் படித்தார். ‘கதை சொல்லித் தொடங்க வேண்டும்.’ ‘முடிவை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.’ ‘மூன்று கருத்துக்கு மேல் சொல்லக்கூடாது.’ ‘நேரம் பார்த்துப் பேச வேண்டும்.’ ‘தெரியவில்லை.’ ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. குழுத் தலைவரின் முகம் மாறியது. “நாங்கள் சொன்னது இதெல்லாம் இல்லை மேடம்” என்று எழுந்தார். எது என்று கேட்டதற்கு அவர் ஒன்று சொன்னார். அவர் பக்கத்தில் நின்றவர் வேறொன்று சொன்னார்.

இந்த நிகழ்வு முழுவதிலும் நான் பார்த்த மிகப் பயனுள்ள கருத்து இதுதான். இதில் ஒரு குறைகூட யாரும் சொல்லவில்லை. கட்டமைப்பைப் பற்றிய உரைக்குக் கட்டமைப்பு இல்லை என்ற உண்மை, கேட்டவர்களின் வாக்கியங்களை அடுக்கியதும் தானாக வெளியே வந்தது. எதிர்வாதம் செய்ய அங்கே ஆள் இல்லை. எதிரில் இருந்தது தாள்கள்தாம். ஆனாலும் குழுத் தலைவர் வாதாட முயன்றதைப் பார்த்து ஆசிரியை அன்றே ஒரு விதியைச் சேர்த்தார்: கருத்து வரும்போது குழு பதில் சொல்லாது, எழுதிக்கொள்ளும், அடுத்த வகுப்பில் இரண்டு நிமிடம் எடுத்து, எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று சொல்லும்.

ஐந்தாவது குழு, கேட்பவரை அறிதல். அதில் ஒரு மாணவர், பண்டைய கிரேக்கப் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகிய கதையை ரசித்து ரசித்துச் சொன்னார். கேட்பவரை அறிவதற்கும் அந்தக் கதைக்கும் தொடர்பில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், “மற்றொன்று விரித்தல், ஐயா” என்று என்னைப் பார்த்துச் சொன்னது. வகுப்பு சிரித்தது, கதை சொன்னவரும் சிரித்தார். மூன்றாவது குழுவின்போது எழுந்த சிரிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியை தன் குறிப்பில் எழுதியிருக்கிறார்: இம்முறை சிரிப்பு பேச்சின் ஓர் இடத்தைப் பற்றியது, அந்த இடத்தை வெட்டிவிட்டால் சிரிப்பும் போய்விடும்.

இதற்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. சில நாட்களில் குற்றப் பெயர்கள் பட்டப்பெயர்களாக மாறத் தொடங்கின. உரையைப் பாதியில் மறந்து நின்ற ஒருவரை விடுதியில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று கூப்பிடுகிறார்கள் என்று தெரியவந்தது. இளைஞர்கள் கையில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் இது நடக்கும்தான். குற்றத்தின் பெயரைச் சொல்பவர் அது எந்த ஸ்லைடில், எந்த வாக்கியத்தில் நேர்ந்தது என்று சேர்த்துச் சொன்னால்தான் ஏற்றுக்கொள்வோம் என்று அறிவித்தோம். வகுப்புக்குள் கட்டுப்பட்டது. விடுதியில் கட்டுப்பட்டதா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

ஸ்லைடு குழு, ஸ்லைடைப் பார்த்து வாசிக்கக்கூடாது என்ற வாக்கியத்தை ஸ்லைடைப் பார்த்து வாசித்தது. கேள்விக் குழுவுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. இவை இரண்டையும் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

மறு உரைகள்

பழைய ஏற்பாட்டில் பேசிய முதல் மூன்று குழுக்களும் விரும்பினால் ஐந்து நிமிடத்துக்குச் சுருக்கி மறுபடி பேசலாம் என்று ஆசிரியை சொன்னார். மதிப்பெண் கிடையாது. மேடை அச்சக் குழு வேண்டாம் என்றது. உடல்மொழியும் குரலும் முன்வந்தன.

உடல்மொழிக் குழு மறுபடியும் 7, 38, 55 வட்டத்தைக் காட்டியது. இம்முறை மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி, “அப்படியானால் தெலுங்குப் படத்தை எழுத்து இல்லாமல் பார்த்தாலே எங்களுக்கு 93 விழுக்காடு புரிய வேண்டுமே?” என்று கேட்டார். குழுவிடம் பதில் இல்லை. விதிப்படி எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வகுப்பில் அவர்கள் சொன்னது: இந்த எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரபியன் 1967இல் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வருகின்றன, அந்த ஆய்வுகளில் தனித்தனிச் சொற்களையே வெவ்வேறு தொனியில் சொல்லவைத்தார்கள், பேசுபவருக்கு நம்மேல் விருப்பா வெறுப்பா என்பதை, சொல்லும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது நாம் எதை வைத்து முடிவுசெய்கிறோம் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு, எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று மெஹ்ரபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். வட்டத்தை ஸ்லைடிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல்முறை அந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட வகுப்புதான் இதுவும்.

குரல் குழுவில் அந்த மாணவி, தன்னிடம் கவனிக்க வேண்டியதாக எழுதிக் கொடுத்தது ஒரே வரி: ‘கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்.’ மின்விசிறிகளில் நான்கை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தொடங்கினார். கடைசி வரிசையில் அந்த மாணவரின் கை உயர்ந்தது. அவர் நிறுத்தி, ஓர் அடி முன்னால் வந்து, மறுபடி தொடங்கினார். இன்னொரு முறை கை உயர்ந்தது. பிறகு உயரவில்லை. ஆனால் கடைசி ஒரு நிமிடத்தில் குரல் பழையபடி இறங்கியது, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்போது ஏன் கையை உயர்த்தவில்லை என்று அந்த மாணவரைக் கேட்டதற்கு, “முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன், ஐயா” என்றார். விதிப்படி அது தவறு. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒருவாக்கியத் தாள்களில் பெரும்பான்மை சந்தையைப் பற்றியிருந்தன. ‘விலையில் மட்டும் குரலை ஏற்று’ என்று ஒருவர் எழுதியிருந்ததை, வரவிருந்த நேர்முகத் தேர்வுகளுக்கான பயிற்சியில் ஆசிரியை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்.

பின்னர்

பருவத்தின் முடிவில் எல்லாத் தாள்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தோம். பிந்தைய குழுக்களுக்கு வந்த கருத்துகள் நீளமானவை. எந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பது பெரும்பாலானவற்றில் தெளிவாக இருந்தது. ஆனால் உரைகள் மேம்பட்டனவா என்று கேட்டால், மறு உரை நிகழ்த்திய இரண்டு குழுக்களைப் பற்றித்தான் எங்களால் பதில் சொல்ல முடியும். மற்ற நான்கு குழுக்களும் கருத்தை வாங்கிக்கொண்டதோடு சரி, அதை வைத்து மறுபடி பேச அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. மேடை அச்சக் குழுவுக்கு அதுவும் இல்லை.

அந்த மாணவி துறை விழாவில் வரவேற்புரை ஆற்றும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். நிகழ்ச்சி நிரலை எழுதித் தந்தார். ஆசிரியைக்கு இதில் சற்று ஏமாற்றம், எனக்கு இல்லை.

அடுத்த முறைக்கு மாற்றப்போவது

குழுவுக்கு ஆறு பேர் அதிகம். நான்கு பேர் என்றால் உரைக்குள் தொடர்பு இருக்கும், குழுவும் ஒரு வாய்ப்பேச்சாளரின் பின்னால் ஒளிந்துகொள்ளாது. குழுக்கள் கூடுவதால் வகுப்புகளும் கூடும் என்பதைப் பாடவேளைப் பட்டியலில் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் உரையை ஆசிரியரே நிகழ்த்துவார். அதில் வேண்டுமென்றே இரண்டு மூன்று குற்றங்களை வைப்பார். மாணவர்கள் அதற்கு ஒருவாக்கியத் தாள் எழுதுவார்கள். ஆசிரியர் அதை வாய் திறக்காமல் வாங்கிக்கொள்வதை வகுப்பு பார்க்கும்.

பத்துக் குற்றங்களில் ஐந்து போதும்: கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். மற்றவற்றை மாணவர்கள் பயன்படுத்தவே இல்லை. வெற்றெனத் தொடுத்தலையும் நின்று பயன் இன்மையையும் பிரித்துச் சொல்ல எனக்கே சிலவேளை நேரம் பிடித்தது.

கேட்பவர்களில் ஒருவருக்குப் புதிய பணி: உரையில் வரும் ஒவ்வொரு எண்ணையும் குறித்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது. தெலுங்குப் படக் கேள்வி தற்செயலாக வந்தது. அதைத் தற்செயலுக்கு விட்டுவைக்க வேண்டியதில்லை.

எல்லாக் குழுக்களுக்கும் மறு உரை கட்டாயம். முதல் உரைக்கு மதிப்பெண் இல்லை, இரண்டாவதற்கு மட்டும் உண்டு.

ஒரு விஷயத்தில் இன்னும் உடன்பாடு இல்லை. கருத்தை நன்றாக எழுதுபவருக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண் கொடுக்கலாம் என்கிறார் ஆசிரியை. இல்லையென்றால் நான்காம் குழுவுக்குப் பிறகு ‘தெரியவில்லை’ என்று எழுதித் தள்ளிவிட்டவர்களைப் பிடிக்க வழியில்லை என்பது அவர் வாதம். மதிப்பெண் நுழைந்தால் மறுபடியும் எங்களுக்குப் பிடித்ததை எழுதித் தருவார்கள் என்பது என் வாதம். பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இரண்டையும் வைக்கப்போகிறோம்.